பிளஸ் 2-வில் தொலையும் மன்றங்கள்

பத்தாம் வகுப்பு வரை இலக்கிய மன்றத்தில் பேசிய மாணவரும், பசுமைப்படையில் மரக்கன்று நட்ட மாணவியும், மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் அவற்றிலிருந்து மெல்ல விலக்கப்படுகிறார்கள். ‘முதலில் பொதுத்தேர்வு முடியட்டும்’ என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். திருப்பூர் வட்டாரப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளுக்கும் மன்ற விழாக்களுக்கும் நடுவராகச் சென்றுவருபவன் என்ற முறையில், இந்த விலக்கலால் நாம் இழப்பது என்ன என்று விளக்க விரும்புகிறேன்.

திட்டங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தமிழக அரசு 2022 நவம்பரில் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. அதே கல்வியாண்டில் அறிமுகமான கலைத் திருவிழாவில் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. எனினும், மேலே செல்லச் செல்ல மன்றத்துக்கான நேரம் சுருங்குகிறது. கால அட்டவணையில் மன்றப் பாடவேளை இருக்கும். அந்த நேரத்தில் வகுப்பறையில் நடப்பதோ கணிதத் தேர்வாக இருக்கும்.

இங்கே அடிப்படையான கேள்வி ஒன்று எழுகிறது. மன்றம் மாணவரின் ஆளுமையை உருவாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே துணிவும் ஊக்கமும் உள்ளவர்கள்தாம் மன்றத்தைத் தேடி வருகிறார்களா? இரண்டாவது கூற்றிலும் உண்மை இருக்கிறது. நன்றாகப் பேசுபவரே மேடைக்கு அழைக்கப்படுகிறார். பரிசும் அவருக்கே போகிறது. அவருக்கு மன்றம் ஓர் அணிகலன் மட்டுமே.

மற்றவர்களுக்கு நிலைமை வேறு. அமெரிக்க உளவியலாளர்களான ஜோசப் மஹோனியும் ராபர்ட் கேர்ன்ஸும் 392 மாணவர்களை 7ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை பின்தொடர்ந்து, 1997இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். பள்ளியின் பாடம்சாராச் செயல்பாடுகளில் பங்கேற்றவர்களிடையே இடைநிற்றல் குறைவாக இருந்தது. படிப்பில் நன்றாக இருந்தவர்களிடம் இந்த வேறுபாடு சிறிதே. படிப்பிலும் பழக்கத்திலும் தடுமாறிக்கொண்டிருந்தவர்களிடம்தான் அது பெரிதாகத் தெரிந்தது. அதாவது, நாம் யாரை மன்றத்துக்கு அழைப்பதில்லையோ அவர்களுக்கே மன்றம் அதிகம் பயன்படுகிறது.

எல்லா மன்றமும் நன்மையே செய்யும் என்று சொல்வதற்கில்லை. ஜாக்குலின் எக்கிள்ஸும் போனி பார்பரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு அணியைச் சேர்ந்தவர்கள் பள்ளியை அதிகம் விரும்பினாலும், அவர்களிடையே மதுப்பழக்கமும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. எந்தக் குழுவில், யாருடைய வழிகாட்டலில் சேர்கிறார்கள் என்பதும் முக்கியம்.

திருப்பூருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? இந்த ஊரில் படிப்பை நிறுத்துபவர் வேலையின்றித் தெருவில் நிற்பதில்லை. பின்னல், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பிரிந்து கிடக்கும் தொழிலில் எங்கேனும் ஓரிடம் கிடைத்துவிடும். கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு அமர்த்துவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால், 17 வயதில் இருப்பவரின் கண்ணுக்குச் சட்டத்தைவிட சனிக்கிழமைச் சம்பளம் பெரிதாகத் தெரியும். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் உறவு வட்டமும் சிறிது. வகுப்பில் ஒருவர் நான்கு நாள்கள் வரவில்லை என்றால், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஒரு குழு இருக்க வேண்டும். மன்றம் அந்தக் குழுவாக அமைய முடியும்.

வெவ்வேறு இயல்புடையவர்களுக்கு மன்றம் வெவ்வேறு கதவுகளைத் திறக்கிறது. மேடைக் கூச்சமுள்ள மாணவி விழாவின் வரவு செலவுக் கணக்கைப் பிழையின்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் அடங்காதவர் எனப் பெயரெடுத்த மாணவர், முகாமில் நாற்பது பேருக்குச் சாப்பாடு பரிமாறும் பொறுப்பைக் கச்சிதமாக முடித்ததையும் கண்டிருக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றத்தினருக்குக் களம் வாசலிலேயே இருக்கிறது. சாயக்கழிவால் சீரழிந்த நொய்யலும், 2024இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட நஞ்சராயன் குளமும் ஒரே ஊரின் இரு பாடங்கள். குளத்தின் பறவைகளைப் பொறுமையாக எண்ணிப் பதிவு செய்யப் பழகியவர், நாளை சாயப்பட்டறை ஒன்றில் பணியாற்ற நேர்ந்தாலும், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கத் தயங்க மாட்டார்.

‘ஏழைப் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று கேட்கப்படுவதுண்டு. கேள்வி நியாயமானது. நலப்பணித் திட்டத்தின் விதிப்படி ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அத்துடன் ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமை விடுமுறையில் வைத்தால், அது சில வீடுகளில் ஒரு வாரக் கூலியை விட்டுக்கொடுப்பதாகிறது. மாலையில் மன்றம் கூடினால், தொலைவிலிருந்து பேருந்தில் வரும் மாணவியரும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீடு திரும்ப வேண்டியவர்களும் முதலில் விலகிவிடுவார்கள். ஆகவேதான், மன்றம் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்கிறேன்.

1932 ஜனவரியில், கையில் கொடியுடன் தடியடிக்கு உள்ளாகி, 27 வயதில் உயிர் நீத்த குமரன், தேசபந்து இளைஞர் மன்றத்தில் இயங்கியவர். அவரைத் தியாகியாகப் போற்றும் நாம், அவர் ஒரு மன்றத்துக்காரர் என்பதை நினைப்பதில்லை. ஒத்த வயதினருடன் கூடிப் பேசி, முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பேற்கும் பழக்கம் தனியே அமர்ந்து படிப்பதால் வருவதில்லை.

செய்ய வேண்டியவை எளியவைதாம். மேல்நிலை வகுப்புகளில் வாரம் இரண்டு பாடவேளைகளையேனும் மன்றங்களுக்கு ஒதுக்கி, அவற்றைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளாமல் காக்க வேண்டும். பொறுப்புகள் பருவந்தோறும் கைமாற வேண்டும். பரிசு வென்றவரே மீண்டும் செயலாளராகக் கூடாது. அடிக்கடி விடுப்பு எடுப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவர்களை முதலில் மன்றத்தில் சேர்க்க வேண்டும். பள்ளிகளுக்குக் கட்டடமும் கணினியும் தரும் ஏற்றுமதி நிறுவனங்கள், முகாம் செலவையும் பேருந்துச் செலவையும் ஏற்கலாம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் மன்றங்களுக்கு ஓய்வு தரலாம். ஆனால், ஜூன் மாதத்திலேயே அவற்றை மூடிவிட வேண்டியதில்லை.