முத்துக்குள்ளே யார்?

கொண்டச்சிக் குடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலைவிடக் கவனமாகக் காவல் காக்கப்பட்டது மனிதருடைய வாய். கரைசேர்ந்த சிப்பிகளை வேலியிட்ட வளவில் குவித்து நாட்கணக்கில் அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பிறகு, மிஞ்சியதைத் தொட்டியில் அலசுவார்கள். அலசும் கூலியாட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கங்காணிகள் அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை வாய்ப்பக்கம் போகக் கூடாது. முத்தை விழுங்கிவிட்டான் என்று ஒருவன்மேல் ஐயம் விழுந்தால், அவனை அடைத்துவைத்துப் பேதிமருந்து கொடுத்ததாக ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதுகிறார்.

சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடைப்பட்ட இந்த வெறும் மணற்கரையில், பருவம் வந்ததும் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வருவார்கள். ஆளுநர் பிரெடரிக் நோர்த் இதை மேற்பார்வையிடவே அரிப்பில் மாளிகை கட்டினார். அதன் இடிபாடு இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஒருவரையொருவர் நம்பாத அத்தனை பேரும் ஒரே தொழிலைச் செய்தாக வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிகள் எனக்கு முத்தைவிடப் பிடிக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. யார் எண்ணுவது? படகுக்காரரே மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார்கள். எந்த இரண்டு தனக்கு என்பதை அதிகாரி கைகாட்டுவார். ஒரு குவியலைச் சிறியதாக வைத்தால் அது தம் தலையிலேயே விழக்கூடும். அண்ணன் தம்பிக்குள் பனங்கிழங்கு பங்கிடும்போது, பிரிப்பவன் ஒருவன், எடுப்பவன் மற்றவன் என்று அம்மாமார் வைக்கும் சட்டம்தான் இது.

கடலுக்குள் வேறு கணக்கு. கல்லைக் காலில் கொடுத்து ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குகிறவனுக்கு மூச்சு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. மேலே கயிறு பிடிப்பவன் கண்ணயர்ந்தால் கதை முடிந்தது. அதனால்தான் கயிற்றை மச்சானிடம் கொடுப்பது வழக்கம் என்று இரு கரையிலும் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்துக் கணக்கு இருக்கலாம். மனைவியின் உடன்பிறந்தவனுக்கோ தன் அக்காள் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடற்கட்டியின் மந்திரமும் ஒரே குடும்பத்துக்குள் வழிவழியாக வந்த இரகசியம். அவர் கரையில் மந்திரம் சொல்லாமல் குளிகாரர் இறங்க மாட்டார்கள். 1859இல் எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் எழுதியபோது அரிப்பில் இருந்த கடற்கட்டி ஒரு கத்தோலிக்கர்; அதை எவரும் பிழையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனை காவலுக்கும் நடுவில் பெரிய மர்மம் சிப்பிக்குள்ளேயே கிடந்தது. முத்தை அங்கே வைத்தது யார்?

பழைய சந்தேக நபர் சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி. அடுத்தது மணல்துகள், பள்ளிக்கூடத்தில் பலரும் படித்தது இதைத்தான். ஆனால் சிப்பி வாழ்வதே மணலும் பார் எனும் பாறைத்திட்டும் கலந்த கடலடியில். மணல் நுழைவது அதற்கு அன்றாடத் தொல்லை. பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். மணல்தான் காரணமென்றால் ஒவ்வொரு சிப்பியிலும் முத்து நிறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சந்தேக நபர் புழு. 1850களின் இறுதியில் இலங்கை மருத்துவர் கேலார்ட் சிப்பிக்குள் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கண்டு, முத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்றார். 1902இல் இலங்கை அரசு அழைத்து வந்த விலங்கியலாளர் வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னலோடு பெரிய பார், செவ்வல் பார் என்று மன்னார்ப் பார்களை அலசினார். அவர்கள் வெளியிட்ட ஐந்து தொகுதி அறிக்கை ஒரு துப்பறியும் கதைபோல் போகும். நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புகுகிறது, சிப்பி அதைச் சுற்றிப் பூசி அடைக்கிறது, அதுவே முத்து. அடைபடாத புழு, சிப்பியைக் கடித்துத் தின்னும் கிளாத்தி மீனுக்குள் போய், கிளாத்தியைத் தின்னும் திருக்கைக்குள் முழு வளர்ச்சி அடைகிறது. வெளியாள், கொலை, கல்லறை என்று எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி கிடைத்தது. மறு ஆண்டே ஒரு கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. ஏறக்குறைய அதே வேகத்தில் புழுக் கதையும் ஆட்டம் கண்டது.

ஆட்டியவர் லிஸ்டர் ஜேம்சன். ஐரோப்பியக் கடல் மட்டிகளில் முத்துக்குப் புழுதான் காரணம் என்று 1902இல் அவரே வாதிட்டவர். இலங்கை முத்துகளை உருப்பெருக்கியில் வைத்து அவர் 1912இல் எழுதியது வேறு கதை. நடுவில் புழு இருக்கும் என்று பார்த்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது சிப்பியின் சொந்த ஓட்டுப்பொருள். புழுக்களும் சிப்பிக்குள் இருந்தன. ஆனால் அவற்றைச் சூழ்ந்திருந்தது வெறும் நார்த்திசு உறை, முத்தைச் சுரக்கும் தோல் அல்ல.

அந்தத் தோல் எது? ஓட்டுக்கு அடியில் சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மென்போர்வையின் வெளித்தோல். அரை மைக்ரோமீற்றர் அளவு தடிப்புள்ள அரகோனைட் தகடுகளைப் புரதப் பசையால் ஒட்டி அடுக்குவது அதன் வேலை. தகட்டின் தடிப்பு ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமானது. அதனால்தான் வானவில் மினுக்கம். காயத்தாலோ கடியாலோ இந்தத் தோலின் சில செல்கள் இடம்பெயர்ந்து சதைக்குள் அகப்பட்டுவிட்டால், அவை சாவதில்லை. பெருகி ஒரு பையாகின்றன. பழகிய வேலையை விடாமல், ஓட்டை இப்போது பைக்குள்ளேயே கட்டுகின்றன. முத்து என்பது உள்வெளி புரண்ட ஓடு. புழு துளைத்த வழியில் ஒரு செல் உள்ளே தள்ளப்படலாம். அவ்வளவுதான் புழுவின் பங்கு. முத்தைச் செய்தது தவறிப்போன வீட்டுப் பிள்ளை.

இதற்கு மறுக்க முடியாத சான்று ஜப்பானில் கிடைத்தது, அதிலும் ஒரு குடும்பச் சிக்கலோடு. தொகிச்சி நிஷிகாவா, முத்து வியாபாரி மிகிமோட்டோவின் மருமகன். 1907இல் அவரும் தச்சுத் தொழிலாளியான தத்சுஹெய் மிசேயும் தனித்தனியாக ஒரே முறைக்கு உரிமை கோரினார்கள். ஒரு சிப்பியைக் கொன்று அதன் மென்போர்வையில் சிறு துண்டு வெட்டி, ஒரு மணியோடு இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பது அந்த முறை. துண்டு ஒட்டிக்கொண்டு பையாகி முத்துக் கட்டுகிறது. முத்தின் நிறமும் பெரும்பாலும் இறந்த சிப்பியுடையது. சுமக்கும் சிப்பி சோறு போடுகிறது. வழக்கு இருவர் பெயரையும் சேர்த்து மிசே–நிஷிகாவா முறை என்று முடிந்தது. நிஷிகாவா 1909இல் இளவயதிலேயே இறந்தார். பெரும் பெயர் மாமனாருக்குப் போனது.

1920களில் இந்த முத்துகள் பாரிஸ் சந்தைக்கு வந்தபோது வியாபாரிகள் போலி என்று கூச்சலிட்டார்கள். ஆனால் இயற்கை முத்து, வளர்ப்பு முத்து இரண்டையும் கட்டியது ஒரே தோல். மினுக்கம், பல்லில் உரசினால் தெரியும் நறநறப்பு, எல்லாம் ஒன்று. கண்ணால் பிரிக்க முடியாததால் எக்ஸ்கதிருக்குப் போனார்கள். வளர்ப்பு முத்தின் படத்தில் மெல்லிய விளிம்புக்குள் ஓர் உருண்டை மணி தெரியும். மன்னார்க் கடலின் பழைய ஆணிமுத்தின் படத்தில் வெங்காயச் சருகுபோல் வளையத்துக்குள் வளையமாகச் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் நடுவில் ஒரு புள்ளி.