சின்னக் காரில் மிச்சமாவது என்ன, குறைவது என்ன?

இடம்பெயர்ந்து வந்து வேறு ஊரில் குத்தகைக் காணி செய்யும் குடும்பங்களுக்குச் சந்தையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிட்டத்தில் இருப்பதில்லை. பஸ் தவறினால் மோட்டார் சைக்கிள்தான். தகப்பன் ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு தாய். ஆகவே நாலு காசு சேர்ந்ததும் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினால் என்ன என்று யோசிப்பது நியாயமே. வாங்குமுன் அந்தக் காரின் விலையும் பெற்றோல் செலவும் எப்படிக் குறைந்தன என்பதை அறிந்திருப்பது நல்லது.

இந்தியாவின் ரட்டன் டாட்டாவுக்கும் இதே காட்சிதான் யோசனையைத் தந்தது. மழையில் ஸ்கூட்டரில் செல்லும் குடும்பங்களைக் கண்டே மலிவுக் கார் செய்ய எண்ணியதாக அவர் கூறியிருக்கிறார். 2008 ஜனவரியில் டில்லியில் நனோ கார் காட்டப்பட்டது. ஒரு இலட்சம் இந்திய ரூபா என்பதே அதன் விலை இலக்கு. பின்னர் அது இலங்கைக்கும் வந்து வாடகைக் காராக ஓடியது. 2018க்குப் பின் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. என்றாலும் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல உதாரணம் இல்லை. இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய எஞ்சின், ஒரேயொரு துடைப்பான், சில்லுக்கு நான்கு நட்டுக்குப் பதிலாக மூன்று நட்டு, மெல்லிய தகடு. முழுக் காரின் நிறையும் ஏறக்குறைய 600 கிலோதான். நிறை குறைந்தால் அதை இழுக்க எரிபொருளும் குறைவாகவே வேண்டும். வெறும் வண்டியையும் நெல் ஏற்றிய வண்டியையும் இழுக்கும் மாட்டைக் கேட்டால் சொல்லும்.

ஆனால் அந்த இரும்புக்கு வேறொரு வேலையும் உண்டு. கார் மோதும்போது முன்பகுதி நசுங்கி அடியை வாங்கவேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்கவேண்டும். 2014இல் குளோபல் என்கெப் என்னும் அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. காற்றுப் பை இல்லாத அந்தக் கார்களில் ஒன்றுக்கேனும் வளர்ந்தவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. எமது வீதிகளில் அடிக்கடி காணும் அல்ரோ 800உம் அவற்றில் ஒன்று. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவற்றுள் ஒன்றான போலோ காரைக் காற்றுப் பையுடன் மறுபடி மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஏனெனில் அதன் கூடு உறுதியாக நின்றது. அல்ரோ, நனோ போன்றவற்றின் கூடே குலைந்ததால், காற்றுப் பை பூட்டினாலும் பெரிய பலன் இராது என்று சோதித்தவர்கள் கூறினார்கள்.

நிறையும் ஒரு காரணம். 600 கிலோ காரும் 1200 கிலோ வானும் தலா 50 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், வானின் வேகம் கணப்பொழுதில் 33 கிலோமீற்றரால் குறையும். காரோ நின்று, பின்னோக்கித் தள்ளப்படும். அதில் இருப்பவர்கள் 67 கிலோமீற்றர் மாற்றத்தைத் தாங்கவேண்டும். எதிரே வருவது பஸ் என்றால் கணக்குக் கேட்கத் தேவையில்லை.

அப்படியானால் மோட்டார் சைக்கிளே மேலா? இல்லை. நாலு பேர் மோட்டார் சைக்கிளில் போவதைவிட அதே நாலு பேர் பட்டி கட்டிச் சின்னக் காரில் போவது நிச்சயமாக நல்லது. பிழை எங்கே நடக்கிறதென்றால், கார்தானே என்று எண்ணி ஏ-9 வீதியில் சொகுசு பஸ்சோடு போட்டிக்கு ஓடும்போதுதான். 40இலிருந்து 60க்கு வேகத்தைக் கூட்டினால் மோதலின் சக்தி இரண்டேகால் மடங்காகிறது. கிராம வீதிக்கும் சந்தைக்கும் செய்யப்பட்ட காரை அந்த அளவில் ஓட்டவேண்டும்.

பெற்றோல் இல்லாவிட்டால்?

இந்தக் கேள்வியை எம்மவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தின் அதே முறைதான்: கொஞ்சப் பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பழைய பேர்குசன் உழவு இயந்திரங்களில் சிலவும் இவ்வாறு இரண்டு தாங்கிகளுடனேயே பிரித்தானியாவில் செய்யப்பட்டன. பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் இது முடிந்தது. ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், பெயரிங்குகள் தேயும். எஞ்சின் அருகே போத்தலில் பெற்றோல் தொங்கவிட்டதால் வரக்கூடிய தீயாபத்து வேறு. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது இந்த யோசனை பலருக்கு மறுபடி வந்திருக்கலாம். இன்றைய கார்களின் அமுக்கம் கூடிய, கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்களுக்கு இது ஒத்துவராது.

சமையல் எரிவாயு சிலிண்டரைக் காரின் பின்னால் வைத்து ஓடுவதும் வேண்டாம். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் காரின் தரையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். வாகனத்துக்கென்றே செய்த தாங்கியும் வால்வும் பூட்டியிருந்தால் அது வேறு கதை.

பற்றரிக் கார் ஓடும் செலவில் மிக மலிவு. ஆனால் பற்றரி பாரமானது. அதைச் சுமக்க மற்றதெல்லாம் இலேசாக வேண்டும் என்று முன்பு பலர் நினைத்தார்கள். பெங்களூரில் 2001இல் வந்த ரேவா அப்படிப்பட்டது. லண்டனிலும் ஓடிய அது அங்கே காராக அல்ல, நாற்சக்கர வண்டி என்ற வகையில் பதியப்பட்டதால் காருக்குரிய மோதல் சோதனைகளுக்கு உட்படவேண்டியிருக்கவில்லை. பழைய பற்றரிக் கார் வாங்குவோர் பற்றரியில் மீதமிருக்கும் வலுவை முதலில் பார்க்கவேண்டும். புதுப் பற்றரிக்குக் காரின் விலையில் பெரும்பகுதி போய்விடும்.

எந்தக் காராயினும் வாங்குமுன் தரை விரிப்பைத் தூக்கி, கதவுக்குக் கீழுள்ள சட்டத்தையும் ஆசனப்பட்டி பூட்டிய இடத்தையும் பாருங்கள். கறள் தின்றிருந்தால், பூச்சு எவ்வளவு மினுங்கினாலும் விட்டுவிடுங்கள். பட்டியைச் சடுதியாக இழுத்தால் அது இறுகவேண்டும். பிள்ளையை முன் ஆசனத்தில் மடியில் வைத்திருப்பவர், மோதும்போது பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பின் ஆசனமே பிள்ளைக்குரிய இடம். வெங்காய மூடையைப் பின்னால் ஏற்றினால் அதையும் கட்டுங்கள். கார் சடுதியாக நின்றாலும் கட்டாத மூடை நிற்காது, முன்னால் இருப்பவரின் முதுகில்தான் வந்து விழும்.