கன்னத்துக் கரும்பொட்டு

வீட்டு உத்தரத்தின் இடுக்கில் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டிக்கொண்டும், முற்றத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டும், நிலைக்கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையே பகையென்று எண்ணிக் கொத்திக்கொண்டும் நம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழும் சிட்டுக்குருவியை நாம் நன்றாக அறிந்திருப்பதாகவே எண்ணுகிறோம். ஆனால் நம்மவர் ஒருவர் சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ பிரயாணம் போய், அங்கே உணவுக் கடைகளின் மேசைகளுக்கிடையே தத்தித் திரியும் குருவிகளைக் கண்டு, ‘நம் ஊர்க் குருவி இங்கேயும் இருக்கிறதே!’ என்று மனம் மகிழ்வாரானால், அவர் கண்டது பெரும்பாலும் நம் ஊர்க் குருவியன்று. அது மரச்சிட்டு என்னும் வேறொரு ஜாதி. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினவே எனினும், 1758ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டிப் பிரித்து வைத்துவிட்டார்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய விரும்புகிறவர் முதன்முதலில் பார்க்கவேண்டிய இடம் கன்னம். மரச்சிட்டின் கன்னம் நல்ல வெண்மை. அந்த வெண்மையின் நடுவே, குழந்தைக்குத் திருஷ்டி படாதிருக்கத் தாய் இடுகிற மைப்பொட்டைப் போல ஒரு கரும்புள்ளி தெளிவாக அமைந்திருக்கும். ஐரோப்பியச் சிட்டுக்குருவியைக் காட்டிலும் நம் நாட்டு ஆண் குருவிக்குக் கன்னம் அதிகம் வெளுத்திருக்குமாயினும், அதில் அப்படிப்பட்ட புள்ளி ஒருபோதும் இராது. அடுத்துப் பார்க்கவேண்டியது தலை. ஆண் சிட்டுக்குருவியின் உச்சி சாம்பல் நிறமானது; அதன் இருமருங்கிலும் கண்ணிலிருந்து பிடரி நோக்கிச் செம்பழுப்புப் பட்டை ஓடும். மரச்சிட்டுக்கோ நெற்றி முதல் பிடரி வரையில் உச்சந்தலை முழுவதுமே செம்பழுப்பு. அதற்குக் கீழே கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்றும் உண்டு. தேகத்திலும் மரச்சிட்டு சற்றே சிறியது.

தொண்டையின் கறுப்பைக் கொண்டு நிர்ணயிக்கலாமென்று சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு நம்பத்தக்க அடையாளமன்று என்பது என் அபிப்பிராயம். இனப்பெருக்க காலத்தில் ஆண் சிட்டுக்குருவியின் கறுப்பு தொண்டையிலிருந்து மார்பு வரை பரந்து கிடக்கும். மரச்சிட்டுக்கு அது தாடையடியில் சிறு திட்டாக ஒடுங்கிவிடும். ஆயினும் ஆண்டுக்கொருமுறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன பூணும் சிட்டுக்குருவிக்கு, அப்புத்திறகுகளின் நுனி வெளிறியிருப்பதால், உள்ளிருக்கும் கறுப்பு வெகுவாக மறைந்துபோகிறது. மாதங்கள் செல்லச்செல்ல நுனிகள் தேய்ந்து உதிர, வேறு இறகு முளைக்காமலே, கூடு கட்டும் பருவத்தில் கறுப்பு முழுவதும் வெளிப்படுகிறது. இடைக்காலத்தில் அதைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். கன்னத்துப் பொட்டுக்கோ அத்தகைய பருவபேதம் கிடையாது.

இவற்றையெல்லாம்விட விசேஷமானது ஆண்பெண் பேதம். சிட்டுக்குருவியில் பெண், தொண்டையில் கறுப்பே இல்லாத மங்கிய பழுப்பு. கண்ணுக்குப் பின்னே வெளிறிய புருவக்கோடு ஒன்றுதான் அதற்கு ஆபரணம். மரச்சிட்டிலோ ஆணும் பெண்ணும் ஒரே கோலம். இளங்குஞ்சுகளுக்குங்கூடக் கன்னப்பொட்டு மங்கலாக இருக்கும். ஆகவே ஒரு பறவை சரியாகத் தெரியாவிட்டாலும், கூட்டம் முழுவதையும் சற்று நேரம் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: பொட்டில்லாத பழுப்புப் பெண்கள் கலந்து மேய்ந்தால் அங்கே சிட்டுக்குருவி இருக்கிறது; எல்லாமே பொட்டிட்டவையானால் அது மரச்சிட்டுக் கூட்டம்.

இருக்கும் இடத்தைக் கொண்டு இன்ன பறவையென்று முடிவுகட்டுவதுதான் பலரை ஏமாற்றுகிறது. ஐரோப்பாவில் ஊருக்குள் வாழ்வது சிட்டுக்குருவி; வயலோரத்து மரப்பொந்துகளில் வாழ்வது மரச்சிட்டு. ஜப்பானிலும் சீனாவின் பெரும்பகுதியிலும் மலேயாவிலும் வீட்டுக் கூரையில் குடியிருப்பதே மரச்சிட்டுதான். நம் தேசத்திலேயே டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய மலைநகரங்களில் அது கட்டடங்களின் இடுக்குகளில் கூடு வைக்கிறது. விசாகப்பட்டினத்தை அடுத்த கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் கூட்டம் ஒன்று தனித்து வாழ்கிறது. வலிமை மிகுந்த சிட்டுக்குருவி ஏற்கெனவே குடியேறிய இடத்தில் மரச்சிட்டு வயலை நாடி ஒதுங்குகிறது. அந்தப் போட்டி இல்லாத இடத்தில் வீட்டையே தன் வாசஸ்தலமாக்கிக் கொள்கிறது. அமெரிக்காவில் இது கண்கூடாக நிகழ்ந்தது. 1870ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த சுமார் 20 மரச்சிட்டுகளைச் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பறக்கவிட்டார்கள். அவை அங்கே வேரூன்றிக்கொண்டிருந்த சமயத்தில், நியூயார்க் பக்கத்தில் 1850களிலேயே இறக்குமதியாகியிருந்த சிட்டுக்குருவியினம் செயின்ட் லூயிஸையும் எட்டிப் பிடித்தது. மரச்சிட்டுகள் நகரை விட்டுப் புறத்தே ஒதுங்கின. சிட்டுக்குருவி கண்டம் முழுவதும் பரவிவிட, மரச்சிட்டோ இன்றும் மிசூரி, இல்லினாய், அயோவா மாகாணங்களின் சில பகுதிகளோடு நின்றுவிட்டது.

1958ஆம் ஆண்டில் சீன அரசாங்கம் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சேர்த்து ஒழிக்கத் தீர்மானித்த குருவியும் இந்த மரச்சிட்டுதான் என்பதை, அச்சம்பவத்தைப் பற்றிப் படிக்கும்போது நம் வீட்டுக் குருவியையே மனக்கண்ணில் காணும் நாம் அறிந்துகொள்வது நல்லது. தானியத்தைத் தின்கிறதென்ற ஒரே குற்றத்துக்காக, ஜனங்கள் தெருவெங்கும் தட்டும் தாம்பாளமும் முழக்கி, அதை எங்குமே உட்காரவிடாமல் விரட்டிக் களைப்பினாலேயே விழுந்து மடியச் செய்தார்கள். குஞ்சுகளை வளர்க்கும் காலத்தில் அது ஊட்டுவது பெரும்பாலும் புழுபூச்சிகளையே என்பதை அப்போது அரசாங்கம் பொருட்படுத்தவில்லை. அக்காலத்தில் சீனாவை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பலவாயினும், குருவி அழிந்ததால் பயிர்ப்பூச்சி பெருகியதும் அவற்றுள் ஒன்றென்று கருதப்படுகிறது. 1960இல் குருவியை அப்பட்டியலினின்று நீக்கி, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

பிரிட்டனில் விரட்டுவாரில்லாமலே 1970க்கும் 2008க்கும் இடையில் மரச்சிட்டுகள் நூற்றுக்கு 93 வீதம் குறைந்துபோயின. அறுவடைக்குப் பின் தாள் நின்ற வயல்கள் குளிர்காலத்தில் விதை தந்துகொண்டிருந்த பழைய விவசாய முறை மாறியதே இதற்கு முக்கியமான காரணமென்பர். அங்குள்ள பறவையன்பர்கள் இப்போது அதற்கென்று மரப்பெட்டிகள் செய்து மாட்டுகிறார்கள். பெட்டியின் வாசல் 32 மில்லிமீட்டர் இருந்தால் சிட்டுக்குருவி உள்ளே புகுந்துவிடும். 28 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டால் இவ்விரண்டில் மரச்சிட்டு மட்டுமே நுழைய முடியும். மரச்சிட்டு கூட்டமாகவே வாழ விரும்புவதால், இத்தகைய பெட்டிகள் பலவற்றை அடுத்தடுத்த மரங்களில் ஒன்றுக்கொன்று அருகிலேயே மாட்டிவைக்கிறார்கள்.