பெராரி 250 ஜி.டி.ஓ., பெராரி எப்40: ஓர் ஒப்பீடு

பெராரி 250 ஜி.டி.ஓ. (1962), பெராரி எப்40 (1987) ஆகியவை இத்தாலியின் பெராரி நிறுவனம் உருவாக்கிய இரு புகழ்பெற்ற விளையாட்டுக் கார்கள். இரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆயினும் இவற்றின் எந்திரக் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றே. முன்னது 2,953 கன செ.மீ.; பின்னது 2,936 கன செ.மீ. இருந்தும் முன்னது சுமார் 300 குதிரைத்திறனும் பின்னது 478 குதிரைத்திறனும் தந்தன. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

250 ஜி.டி.ஓ. பந்தயத்திற்காகவே உருவானது. 1962 முதல் 1964 வரை 36 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. பெயரிலுள்ள 250 என்பது ஓர் உருளையின் தோராயமான கொள்ளளவை, கன செ.மீ. அளவில், குறிக்கும்.

எப்40, பெராரி கார்களின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1987இல் அறிமுகமானது. சாலையில் ஓட்டுவதற்காக 1,300க்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. நிறுவனர் என்சோ பெராரி 1988இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான கடைசிப் புதிய பெராரி இதுவே.

எந்திரம்

எரிபொருள் எரியக் காற்று தேவை. ஓர் எந்திரம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு அதிகக் காற்றை உள்வாங்குகிறதோ அவ்வளவு அதிக எரிபொருளை எரிக்கலாம்; திறனும் கூடும்.

250 ஜி.டி.ஓ.வின் எந்திரம், உந்துதண்டு கீழிறங்கும்போது தானாகவே காற்றை உறிஞ்சுகிறது. இம்முறையில் திறனைக் கூட்ட, எந்திரத்தை வேகமாகச் சுழலவிட வேண்டும். சிறிய, எடை குறைந்த உந்துதண்டுகளே அவ்வாறு இயங்க வல்லவை. எனவே கொள்ளளவு 12 உருளைகளாகப் பகிரப்பட்டது. ஆறு வெபர் கார்புரேட்டர்கள் காற்றுடன் பெட்ரோலைக் கலந்து கொடுத்தன.

எப்40இல் எட்டு உருளைகளே உள்ளன. வெளியேறும் புகையால் சுழலும் இரண்டு டர்போக்கள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகின்றன. அழுத்தும்போது காற்று சூடாகி விரியும். ஆகவே அதைக் குளிர்வித்து, அடர்த்தியாக்கி உருளைக்குள் அனுப்புகின்றனர். அதே இடத்தில் அதிகக் காற்று அடங்குவதே கூடுதல் திறனுக்கு முதன்மைக் காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. புகையின் ஓட்டம் வலுப்பெறும் வரை டர்போ முழுமையாக இயங்காது. முடுக்கியை மிதித்ததும் சிறிது தாமதம். பின்னர் திடீர்ப் பாய்ச்சல். 250 ஜி.டி.ஓ.வில் திறன் உடனுக்குடன், சீராகக் கிடைக்கும்.

உடலமைப்பு

இரண்டிலும் எஃகுக் குழாய்ச் சட்டகமே அடிப்படை. அதன் மேல் 250 ஜி.டி.ஓ.வுக்கு அலுமினியத் தகடுகளும் எப்40க்குக் கார்பன் இழை, கெவ்லார் போன்ற கலப்புப் பொருள்களும் பொருத்தப்பட்டன. முன்னதில் எந்திரம் ஓட்டுநருக்கு முன்னும், பின்னதில் ஓட்டுநருக்குப் பின்னும் அமைந்துள்ளது. 250 ஜி.டி.ஓ.வின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இணைந்தவை. எப்40இன் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசைய வல்லவை.

மாறாதவை

இரண்டிலும் ஐந்து கியர்களை ஓட்டுநரே கையால் மாற்ற வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை. திடீரெனப் பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பும் இல்லை. எடையைக் குறைக்க எப்40இல் தரைவிரிப்பையும் வானொலியையும் தவிர்த்தனர். கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறுதான் உண்டு.

25 ஆண்டுகளில் எந்திரத்துக்குள் காற்று செல்லும் வழி மாறியது. காரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மட்டும் முன்போலவே ஓட்டுநரிடம் இருந்தது. திறன் கூடியதால் அப்பொறுப்பும் கூடியது.