வீட்டுவேலை மறைத்த கணக்கு

கோகா கோலா மீதான வழக்கு 1911-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அந்தப் பானத்தில் உள்ள காஃபீன் மூளையை என்ன செய்கிறது என்று சோதித்துச் சொல்ல, ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளரை அமர்த்தியது நிறுவனம். கிடைத்த பணத்தில்தான் அவர் மனைவி லீட்டா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்தார். அவர் நெப்ராஸ்காவில் ஆசிரியையாக இருந்தவர். கல்யாணத்துக்காக நியூயார்க் வந்தால், மணமான பெண்களுக்கு அன்று அங்கே பள்ளி வேலை கிடையாது!

மாதவிலக்கு நாட்களில் பெண்ணுக்குப் புத்தி மந்தமாகும், கை தடுமாறும் என்று டாக்டர்கள் அடித்துச் சொன்ன காலம் அது. லீட்டா 23 பெண்களையும், ஒப்பிட்டுப் பார்க்க 2 ஆண்களையும் வைத்துச் சோதித்தார். உலோகக் குச்சியைச் சிறு துளைக்குள் விளிம்பில் படாமல் பிடிப்பது, நிறங்களைக் கடகடவென்று சொல்வது, டைப்ரைட்டிங் பழகுவது என்று தொடர் சோதனைகள். சிலருக்கு மூன்று மாதம். அந்த நாட்களில் மட்டும் யாரும் பின்தங்கவில்லை. 23 பேர் குறைவுதான். எதிர்த்தரப்பின் கையில் இருந்ததோ பெரும்பாலும் அபிப்பிராயம்.

அவர் கைவைத்த இன்னொரு கோட்பாடு இதைவிடச் சுவாரசியமானது. ஆண்களிடம் ஏற்றத்தாழ்வு அதிகம், அதனால் மேதைகளும் அவர்களில்தான் அதிகம், மந்தபுத்திக்காரர்களும் அவர்களில்தான் அதிகம் என்றார்கள். மந்தபுத்திக்காரர்களுக்கான காப்பகங்களில் ஆண்கள் கூடுதலாக இருந்ததைச் சான்றாகக் காட்டினார்கள். லீட்டாவுக்கு அப்படிப்பட்டவர்களைப் பரிசோதிப்பதே அலுவலகப் பணி. வயதைப் பார்த்தார். பையன்கள் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறார்கள். பெண்கள் வளர்ந்த பிறகே வருகிறார்கள். வெளியே சம்பாதிக்கப் போகும் பையனின் குறை சீக்கிரம் அம்பலமாகிவிடும். பாத்திரம் தேய்த்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யார் கவனித்தார்கள்? வீட்டுக்கு அவள் உதவியாக இருந்தாள், அவ்வளவுதான். காப்பகத்துக்கு அனுப்பினால் அந்த வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டுமே.

மேதைகளின் பட்டியலுக்கும் இதுதான் கதி என்றார் லீட்டா. எவ்வளவு திறமையாகச் சமைத்தாலும் பிள்ளை வளர்த்தாலும் பேரும் புகழும் தராத வேலையில் ஒரு பாலினத்தையே உட்காரவைத்துவிட்டு, அவர்களில் மேதை எங்கே என்று கேட்பதில் என்ன நியாயம்? ஹெலன் மாண்டேகுவுடன் சேர்ந்து 1,000 ஆண் குழந்தைகள், 1,000 பெண் குழந்தைகளின் பிறந்தபோதைய உடல் அளவுகளையும் அவர் ஆராய்ந்தார். ஆண் குழந்தைகளிடம் ஏற்றத்தாழ்வு அதிகம் என்பதற்கு அதிலும் ஆதாரம் இல்லை.

இந்த ஆய்வுகள் 1913-லும் 1914-லும் அச்சேறின. அவருடைய வழிகாட்டி எட்வர்ட் தார்ன்டைக்கே அந்த ஏற்றத்தாழ்வுக் கோட்பாட்டின் ஆதரவாளர். ஆனாலும் லீட்டாவுக்கு 1916-ல் பட்டம் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ், அறிவியல் துறைகளின் உச்சியில் பெண்கள் ஏன் குறைவு என்பதற்கு அதே ‘ஏற்றத்தாழ்வை’ ஒரு காரணமாக மேடையில் சொன்னது 2005 ஜனவரியில்.