தூரமும் நேரமும்

இரு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண்ணைக் கூறிவிடலாம். பிரயாண நேரம் எவ்வளவு என்பதற்கு அவ்விதம் ஒரே விடை கிடையாது. தூரம் மிகுந்தால் நேரமும் மிகும் என்பது தரைவழிக்குப் பொருந்தும் கணக்கு. வானவழி சில சமயம் அதற்கு மாறாக நடக்கிறது.

டில்லிக்கும் ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கும் இடையே, பூகோளத்தின்மீது நூல் பிடித்தாற்போல் அளந்தால், ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். அந்த நேர்வழி சைபீரியாவையும் ஆர்க்டிக் கடலையும் கடந்து செல்வது. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா அங்கே நேர் விமானப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, விமானம் மேற்கே அட்லாண்டிக் வழியாகச் சென்றது. சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியை மேற்கொண்டார்கள். பறந்த தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பிடித்த நேரமோ பதினான்கரை மணிதான். 1,400 கிலோமீட்டர் கூடியும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சமாயிற்று!

பூமி சுழல்வதே இதற்குக் காரணம் என்று கூறுவோர் உண்டு. அது சரியன்று. பூமியோடு வாயுமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. உண்மைக் காரணம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல் ஓடும் கடுங்காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்லும் விமானத்திற்கு இது துணையாக நின்றால் தரைமீது அதன் வேகம் ஆயிரத்தைக் கடக்கும். எதிர்த்து வீசினால் அறுநூறாகக் குறையவும் கூடும்.

இக்காற்றை 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வஸாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய அறிஞர். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எண்ணி அவர் தம் அறிக்கையை எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். பிற நாட்டார் அதனைக் கவனிக்கவே இல்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இச்செய்தி சற்று வருத்தம் தருகிறது.

அந்த அறியாமையின் விலை சிறிதன்று. 1947 ஆகஸ்ட் 2ஆம் தேதி போனஸ் அயர்ஸிலிருந்து ஸாண்டியாகோவுக்குப் பறந்த 'ஸ்டார் டஸ்ட்' என்ற பிரிட்டிஷ் விமானம், நான்கே நிமிடங்களில் வந்து சேர்வதாக ரேடியோவில் அறிவித்தது, பின்பு மறைந்துபோயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, ஆண்டீஸ் மலையின் பனியாற்றிலிருந்து அதன் சிதைவுகள் வெளிப்பட்டன. மேகம் தரையை மறைத்திருக்க, கடிகாரத்தையும் தம் வேகத்தையும் கொண்டு மலையைக் கடந்துவிட்டதாக விமானிகள் கணக்கிட்டிருக்க வேண்டும். எதிர்க்காற்றோ அவர்களை மலைக்கு இப்பாலேயே நிறுத்திவைத்திருந்தது என்பது ஆராய்ந்தோர் கருத்து. பதினொருவர் மாண்டனர்.

இன்று விமானம் கிளம்புமுன்னர் ஒவ்வோர் உயரத்திலும் காற்று எத்திசையில், என்ன வேகத்தில் வீசும் என்ற முன்னறிவிப்பு விமானிக்குக் கிடைத்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகே வழியையும் நிரப்பவேண்டிய எரிபொருளையும் நிர்ணயிக்கிறார்கள். ஆகவேதான் ஒரே ஊருக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் அட்டவணையில் வெவ்வேறாகக் காணப்படுகின்றன.