டெங்கு வரைபடத்தில் உங்கள் தெரு ஏன் இல்லை?

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில நாள்களே இருக்கின்றன. வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "எங்கள் தெருவில் நாலு பேருக்கு டெங்கு பாசிட்டிவ். அரசுக் கணக்கில் எங்கள் வார்டே இல்லையே?"

தனியார் ஆய்வகத்தில் அரை மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் அட்டைப் பரிசோதனையை அரசு 'உறுதியான பாதிப்பு' என்று ஏற்பதில்லை. பொதுவாக எலிசா எனும் ஆய்வகப் பரிசோதனையில் தெரிந்தால்தான் கணக்கில் சேரும். அட்டை சில நேரம் பிழையாகக் காட்டும். எல்லா மாவட்டங்களும் ஒரே அளவுகோலில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். இதுவரை நியாயம்தான்.

சிக்கல் கால அளவில் இருக்கிறது. ஓர் எலிசா தட்டில் 96 குழிகள். இரண்டு மூன்று பேருக்காகத் தட்டைச் செலவழிக்க முடியாமல், மாதிரிகள் சேரட்டும் என்று ஆய்வகம் காத்திருக்க நேர்கிறது. எலிசா தேடுபவற்றில் ஒன்றான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளோ காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஐந்து நாள் கழித்தே ரத்தத்தில் தெரியவரும். அதற்குள் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவோர டயரில் இட்ட முட்டை கொசுவாகிவிடலாம். ஒரு வாரம், பத்து நாள் அதற்குப் போதும். இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். வரைபடத்தில் தெருவைச் சரியாகக் குறித்தால் கொசு ஒழிப்புப் பணியாளர் நேராக அங்கே போகலாம். குறி தாமதமாக விழுந்தால் அடுத்த தலைமுறைக் கொசு பறக்கத் தொடங்கிய பிறகே அவர் வந்து சேருவார்.

2021 முதல் நாடு முழுவதும் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் இயங்குகிறது. 'உடனுக்குடன் தகவல்' என்கிறது அரசு. அந்த வேகம் தகவலைப் பதிவேற்றிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் கழிந்த நாள்கள் அதில் வராது. மருத்துவர் சந்தேகிக்கும் நோயாளிகளைப் பதிய அதே தளத்தில் 'பி' படிவம் இருக்கிறது. ஆண்டுக் கணக்குக்கு எலிசா இருக்கட்டும். மருந்து தெளிக்க ஆள் அனுப்ப 'பி' படிவமே போதும் என்று சுகாதாரத் துறை வெளிப்படையாக உத்தரவிட வேண்டும்.

மற்ற கேள்விகள்:

குறி விழும் வீட்டில்தான் கொசு கடித்ததா? அப்படிச் சொல்ல முடியாது; ஏடிஸ் பகலில் கடிப்பது, கடித்த இடம் பள்ளியாகவோ பட்டறையாகவோ இருக்கலாம்.

வரைபடத்தில் குறி இல்லாத வார்டு பாதுகாப்பானதா? அங்கே யாரும் பரிசோதிக்காமலும் இருந்திருக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்? மருத்துவமனையில் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்காமல், காய்ச்சல் வந்தபோது தங்கியிருந்த வீட்டின் கதவு எண், தெரு, வார்டு மூன்றையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.